19 இடங்களும் ஒரு மந்திரி பதவியும்

உளுந்தூர்ப்பேட்டை வட்டத்துக் களமருதூர் இன்றைக்குக் கள்ளக்குறிச்சி மாவட்டம். 2019 நவம்பருக்கு முன்பு விழுப்புரம் மாவட்டம்; 1993-க்கு முன்பு தென்னாற்காடு. பத்திரத்திலும் பட்டாவிலும் மாவட்டத்தின் பெயர் மாறிக்கொண்டே வந்திருக்கிறது. தேர்தல் வந்தால் டீக்கடை பெஞ்சில் போடப்படும் கணக்கு மட்டும் மாறவில்லை. எந்தச் சாதிக்கு எத்தனை ஓட்டு, யாரோடு யார் சேர்ந்தால் யார் ஜெயிப்பார், ஜெயித்தால் நமக்கு என்ன கிடைக்கும் என்கிற கணக்கு அது. இந்தக் கணக்கை மல்லாட்டைக் கொல்லையிலிருந்து கோட்டை வரைக்கும் கொண்டுபோனவர்களில் முதல் வரிசைக்காரர் எஸ். எஸ். இராமசாமி படையாட்சியார். கடலூர்க்காரர். களமருதூரும் கள்ளக்குறிச்சியும் திண்டிவனமும் ஒரே தென்னாற்காடாக இருந்த காலத்தில் அந்த மாவட்டம் முழுவதற்கும் பொதுவான பெயராக இருந்தவர்.

அவரைப் பற்றி இரண்டு பேச்சு உண்டு. தலை நிமிராமல் கிடந்த ஒரு சமுதாயத்தைத் தட்டி எழுப்பியவர் என்பது ஒன்று. கட்டிய கட்சியை ஒரு மந்திரி பதவிக்காகக் கலைத்தவர் என்பது இன்னொன்று. இரண்டுக்கும் ஆதாரம் இருக்கிறது. இரண்டையும் ஒன்றாக வைத்துப் பார்க்காமல் அவருடைய பொதுவாழ்வை எடைபோட முடியாது.

1918 செப்டம்பர் 16-ஆம் தேதி பிறந்தவர் படையாட்சியார். அவர் பொதுவாழ்வுக்கு வந்தபோது தென்னாற்காட்டில் எண்ணிக்கைக்கும் அதிகாரத்துக்கும் தொடர்பே இருக்கவில்லை. அவருடைய சமூகமான வன்னியர்களில் பெரும்பாலோர் சிறுவிவசாயிகள், குத்தகைக்காரர்கள், கூலிக்குப் போகிறவர்கள். சூசன் ருடால்ஃப், லாயிட் ருடால்ஃப் என்னும் அமெரிக்க அரசியல் அறிஞர்கள் 1967-இல் வெளியிட்ட நூலில் இந்தச் சமூகத்தின் அரசியல் எழுச்சியை விரிவாக ஆராய்ந்திருக்கிறார்கள். சென்னை மாகாணம் முழுவதையும் எடுத்துக்கொண்டால் பத்தில் ஒரு பங்கு, வடக்கு மாவட்டங்கள் நான்கில் மட்டும் பார்த்தால் நாலில் ஒரு பங்கு என்பது அவர்கள் தரும் கணக்கு. இவ்வளவு பேர் இருந்தும் காங்கிரசின் மாவட்டத் தலைமையும் வேட்பாளர் பட்டியலும் பெரும்பாலும் நிலவுடைமைச் சாதிகளின் கையில் இருந்தன. 1935 சட்டப்படி வாக்குரிமைக்குச் சொத்தோ வரியோ படிப்போ வேண்டியிருந்த வரைக்கும் இதில் யாருக்கும் சங்கடம் வரவில்லை. 21 வயது நிரம்பிய எல்லோருக்கும் ஓட்டு என்று அரசியலமைப்புச் சட்டம் சொன்ன பிறகுதான் தலை எண்ணிக்கைக்கு விலை வந்தது.

அந்த விலையைக் கேட்கப் பிறந்த கட்சிதான் 1951-இல் படையாட்சியார் தொடங்கிய தமிழ்நாடு உழைப்பாளர் கட்சி. பெயரைக் கவனிக்க வேண்டும். சாதிச் சங்கத்தின் மாநாடுகளிலிருந்து வளர்ந்த கட்சி, சாதியின் பெயரை வைத்துக்கொள்ளாமல் உழைப்பவனின் பெயரை வைத்துக்கொண்டது. வடாற்காடு, செங்கல்பட்டுப் பக்கம் மாணிக்கவேலு நாயகர் தொடங்கிய கட்சிக்கும் காமன்வீல் என்று பொதுநலத்தைச் சொல்லும் பெயர்தான். ஒரே சமூகத்துக்கு இரண்டு கட்சி ஏன் என்று கேட்டால், ஒரே தலைவரை ஏற்க முடியவில்லை என்பதுதான் நேர்மையான பதில்.

1952 தேர்தலைக் கொஞ்சம் நின்று பார்க்கத்தான் வேண்டும். இன்றைக்கு இருப்பது போல எல்லாச் சின்னங்களும் ஒரே சீட்டில் இருக்கவில்லை. ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனித்தனிப் பெட்டி. பெட்டியின் மேல் அவருடைய சின்னம் ஒட்டியிருக்கும். மறைப்புக்குப் பின்னால் போய், வேண்டிய பெட்டியில் சீட்டைப் போட்டுவிட்டு வர வேண்டும், அவ்வளவுதான். முத்திரை குத்துகிற வேலையோ பெயர் படிக்கிற வேலையோ கிடையாது. எழுத்தறியாத பண்ணையாளும் பண்ணைக்காரரும் ஒரே வரிசையில் நின்றார்கள். மறைப்புக்குள் போனவன் எந்தப் பெட்டியில் போட்டான் என்று பண்ணைக்காரருக்குத் தெரியாது. களமருதூர் போன்ற ஊர்களில் இதற்கு முன்னால் அப்படி ஒரு மறைவு ஏழைக்கு எங்கேயும் கிடைத்ததில்லை.

முடிவு வந்தபோது 375 இடங்கள் கொண்ட சென்னைச் சட்டமன்றத்தில் காங்கிரசுக்கு 152 தான். கம்யூனிஸ்டுகளுக்கு 62. தொடங்கி ஓராண்டுகூட நிறையாத உழைப்பாளர் கட்சி 19 இடங்களில் ஜெயித்தது, காமன்வீல் கட்சி 6. படையாட்சியாரே கடலூரில் ஜெயித்தார். நாடாளுமன்றத்துக்கும் உழைப்பாளர் கட்சியின் நான்கு பேர் போனார்கள். திண்டிவனத்தில் இருவர், கடலூரில் கோவிந்தசாமி கச்சிராயர், பெரம்பலூரில் பூவராகசாமி படையாட்சி. தேர்தலில் நிற்காத தி.மு.க. இந்த இரண்டு கட்சிகளையும் ஆதரித்தது. காங்கிரசை வீழ்த்த வேண்டும் என்கிற ஒரு புள்ளியில் திராவிட இயக்கமும் சாதிச் சங்கமும் கைகோத்த முதல் தேர்தல் அது.

இந்த வெற்றியில் அதிகம் பேசப்படாத ஒரு கூறு உண்டு. அன்றைக்குச் சில தொகுதிகளில் இரண்டு உறுப்பினர்கள்: ஒருவர் பொது, ஒருவர் ஒதுக்கீடு. அங்கே வாக்காளருக்கு இரண்டு ஓட்டு. அதனால் உழைப்பாளர் கட்சி தாழ்த்தப்பட்டோர் இடத்துக்கும் ஆள் நிறுத்த வேண்டியிருந்தது. கடலூர்ச் சட்டமன்றத் தொகுதியிலும் திண்டிவனம் நாடாளுமன்றத் தொகுதியிலும் இரண்டு இடங்களையும் அந்தக் கட்சியே பிடித்தது. கடலூர் நாடாளுமன்றத் தொகுதியில் வேறு மாதிரி ஆனது. பொது இடம் கச்சிராயருக்கு, ஒதுக்கீட்டு இடம் காங்கிரசின் எல். இளையபெருமாளுக்கு. தீண்டாமை பற்றி நாடு முழுவதும் ஆராய்ந்து 1969-இல் அறிக்கை கொடுத்த குழுவுக்குத் தலைமை ஏற்றவர் இதே இளையபெருமாள்தான். ஊரும் சேரியும் ஒரே பெட்டியில் ஓட்டுப் போட்டது எங்கே, பிரிந்து போட்டது எங்கே என்பதற்கு இந்த மூன்று முடிவுகளும் நல்ல தடயம். 1961-இல் இரட்டை உறுப்பினர் தொகுதிகளை ஒழித்த பிறகு, ஊரும் சேரியும் சேர்ந்து ஓட்டுக் கேட்க வேண்டிய அந்தக் கட்டாயமும் போய்விட்டது. உழைப்பாளர் என்ற பெயருக்கு உண்மையாக இருக்கும் வாய்ப்பு அந்தக் கட்சிக்கு இந்த ஏற்பாட்டில்தான் இருந்தது என்று நினைக்கிறேன். அது வளர்வதற்குள் கட்சியே இல்லாமல் போனது.

எப்படிப் போனது? பெரும்பான்மை இல்லாமல் ஆட்சிக்கு வந்த ராஜாஜி, மாணிக்கவேலு நாயகரை 1952-லேயே அமைச்சரவையில் சேர்த்துக்கொண்டார். படையாட்சியாரின் முறை வந்தது 1954-இல். 1953 அக்டோபர் 1-ஆம் தேதி ஆந்திரம் பிரிந்தது. ராஜாஜியின் அரைநாள் பள்ளித் திட்டம், குலக்கல்வி என்று எதிர்க்கப்பட்டு அவரையே கீழே இறக்கியது. 1954 ஏப்ரல் 13-ஆம் தேதி காமராசர் முதலமைச்சரானார். எட்டுப் பேர் கொண்ட சின்ன அமைச்சரவை அது. தலைமைப் போட்டியில் தன்னை எதிர்த்த சி. சுப்பிரமணியத்தையும் அவரை முன்மொழிந்த பக்தவத்சலத்தையும் அதில் வைத்துக்கொண்ட காமராசர், வடதமிழ்நாட்டின் இரண்டு வன்னியத் தலைவர்களுக்கும் இடம் கொடுத்தார். நாயகருக்கு வருவாய், படையாட்சியாருக்கு உள்ளாட்சி. உழைப்பாளர் கட்சி காங்கிரசில் கரைந்தது.

இந்த இடத்தில் அவரைத் திட்டுகிறவர்கள் சொல்வதைக் கேட்போம். காங்கிரசை எதிர்த்து, தி.மு.க.வின் ஆதரவோடு ஜெயித்தவர் இரண்டே ஆண்டில் காங்கிரஸ் மந்திரியானார். ஓட்டுப் போட்டவனிடம் யார் கேட்டது? நியாயமான கேள்விதான். அவர் பக்கத்திலும் நியாயம் உண்டு. ராஜாஜியின் காங்கிரஸ் வேறு, காமராசரின் காங்கிரஸ் வேறு. பள்ளித் திட்டத்தைக் கைவிட்டதும், பிற்படுத்தப்பட்ட சமூகத்திலிருந்து ஒருவர் முதலமைச்சரானதும் அன்றைக்குச் சின்ன விஷயமில்லை. காமராசரை அப்போது பெரியாரே ஆதரித்தார். படையாட்சியார் மட்டும் வெளியே நின்றிருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது கொஞ்சம் கூடுதல்.

என்னுடைய குறை வேறு இடத்தில். 19 உறுப்பினர்களின் பலத்தைக் கொடுத்து அவர் வாங்கியது ஓர் இடம். ஒரு திட்டம் இல்லை. வேலைவாய்ப்பிலும் படிப்பிலும் இவ்வளவு பங்கு வேண்டும், குத்தகைக்காரனுக்கு இந்தப் பாதுகாப்பு வேண்டும் என்று எழுதி வாங்கியிருந்தால் மந்திரி பதவி போனாலும் அது நின்றிருக்கும். இடம் மட்டும் என்றால் இடத்தோடு போய்விடும். போயும் விட்டது. 1957 தேர்தலுக்குப் பின் அமைந்த காமராசர் அமைச்சரவையில் மாணிக்கவேலு நாயகர் தொடர்ந்தார், படையாட்சியார் இல்லை. உள்ளாட்சித் துறை லூர்தம்மாள் சைமனிடம் போனது. ஜில்லா போர்டுகளை ஒழித்து, ஊராட்சி ஒன்றியங்களுக்கு வழிவகுத்த சட்டம் வந்தது 1958-இல். களமருதூர் போன்ற ஊரில் குடிநீர்த் தொட்டியும் தெருவிளக்கும் சாலையும் எந்த அலுவலகத்தின் பொறுப்பு என்று தீர்மானித்த சட்டம் அது. அந்தத் துறையில் மூன்று ஆண்டு மந்திரியாக இருந்தவர், துறையின் உருவமே மாறிய நேரத்தில் வெளியே இருந்தார். இதை அவருடைய தவறு என்று சொல்லிவிட முடியாது, போதாத காலம் என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் தனக்கென்று கட்சி வைத்திருந்தவராக இருந்தால் அவரை அவ்வளவு எளிதில் கழற்றிவிட்டிருக்க முடியுமா?

எதிர்மாதிரியும் அதே கட்சிக்குள்ளேயே இருந்தது. விக்கிரவாண்டியில் உழைப்பாளர் கட்சியின் சார்பில் 1952-இல் ஜெயித்த ஏ. கோவிந்தசாமி, காங்கிரசுக்குப் போகவில்லை. உழவர் கட்சி என்று தனியே நடத்தினார், பிறகு தி.மு.க.வில் சேர்ந்தார். 1957-இல் அந்தக் கட்சி முதன்முதலாகத் தேர்தலில் நின்று ஜெயித்த 15 பேரில் அவர் ஒருவர். 1967-இல் அண்ணா அமைச்சரவையில் வேளாண்மைத் துறை அவருக்கு. அவர் நின்ற உதயசூரியன் சின்னம்தான் பின்னால் தி.மு.க.வின் சின்னமானது என்பது கட்சிக்காரர்கள் எல்லோரும் சொல்வது. மந்திரியாக இரண்டு ஆண்டுதான், 1969-இல் காலமானார். படையாட்சியார் ஆளுங்கட்சிக்குள் ஓர் இடத்தைப் பிடித்தார், கோவிந்தசாமி வளரும் கட்சிக்குள் ஒரு வேரைப் பிடித்தார். தென்னாற்காட்டுக் கிராமங்களில் 1967-க்குப் பிறகு தி.மு.க. காலூன்றியதைப் பார்த்தால் எது நீடித்தது என்று புரியும்.

அதற்குப் பிறகு படையாட்சியாரின் அரசியல் வாழ்வில் 1952 போன்ற இன்னொரு உச்சம் வரவில்லை. 1980-லும் 1984-லும் திண்டிவனத்திலிருந்து இந்திரா காங்கிரசின் நாடாளுமன்ற உறுப்பினரானார். சொந்தக் கட்சியின் பலத்தில் சட்டமன்றத்துக்குப் போனவர், கூட்டணி அலையில் டெல்லிக்குப் போனார் என்று சுருக்கமாகச் சொல்லலாம். அவர் டெல்லியில் இருந்த அந்த ஆண்டுகளில்தான் ஊரில் நிலம் நடுங்கியது.

காரணம் இட ஒதுக்கீடு. பிற்படுத்தப்பட்டோர் என்று ஒரே கூடையில் போட்டால் அதில் வசதியுள்ள சாதிகளே பெரும்பங்கை எடுத்துக்கொள்ளும் என்பதை 1970-இல் சட்டநாதன் ஆணையமே சொல்லியிருந்தது. பிற்படுத்தப்பட்டோருக்கு 17 விழுக்காடு, மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்குத் தனியே 16 விழுக்காடு என்பது அதன் பரிந்துரை. அரசு 25-ஐ 31 ஆக உயர்த்தியது. பிரிவை மட்டும் ஏற்கவில்லை. மருத்துவர் ராமதாஸ் 1980-இல் தொடங்கிய வன்னியர் சங்கம் இந்தப் பழைய காயத்தைத்தான் தொட்டது. 1987 செப்டம்பர் 17-ஆம் தேதி தொடங்கி ஒரு வாரம் வடதமிழ்நாட்டின் சாலைகளில் மரங்கள் வெட்டிப் போடப்பட்டன, சென்னை துண்டிக்கப்பட்டது. போராட்டத்தில் உயிரிழந்தவர்கள் என்று 21 பேர் இன்றும் நினைவுகூரப்படுகிறார்கள். பலர் போலீஸ் துப்பாக்கிக்குப் பலியானவர்கள். தலித் குடியிருப்புகள் எரிந்ததும் அந்த வாரத்தின் கதைதான். நினைவுக் கூட்டங்களில் அதைச் சொல்பவர் குறைவு. 1989-இல் கருணாநிதி அரசு மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கும் சீர்மரபினருக்கும் சேர்த்து 20 விழுக்காடு ஒதுக்கியது. அதே ஆண்டு ஜூலையில் பாட்டாளி மக்கள் கட்சி பிறந்தது.

அந்தப் பெயரிலும் உழைப்பவன்தான் இருக்கிறான். 1951-இன் கட்சியைப் படித்துத் தெரிந்துகொண்டுதான் 1989-இன் கட்சி நடந்தது என்று எனக்குத் தோன்றுகிறது. கட்சியை யாரிடமும் கரைக்காமல் வைத்துக்கொண்டு, தேர்தலுக்குத் தேர்தல் கூட்டணியை மாற்றி மாற்றிப் பேரம் பேசுவது. பேரத்தில் பதவியோடு ஒதுக்கீட்டையும் சேர்த்துக் கேட்பது. 2021 பிப்ரவரி 26-ஆம் தேதி, தேர்தல் அறிவிப்பு வந்த நாளிலேயே, வன்னியருக்கு 10.5 விழுக்காடு உள் ஒதுக்கீட்டுச் சட்டம் நிறைவேறியது அந்தப் பேரத்தின் உச்சம். அதே ஆண்டு நவம்பர் 1-ஆம் தேதி உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. 2022 மார்ச் 31-இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. உள் ஒதுக்கீடு கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லவில்லை. உரிய புள்ளிவிவரம் இல்லாமல் ஒரு சாதியை மட்டும் தனியே பிரித்ததைத்தான் ஏற்கவில்லை. ஓட்டுக் கணக்கைத் துல்லியமாக வைத்திருந்த அரசியல், படிப்புக்கும் வேலைக்கும் கணக்கெடுக்க மறந்துவிட்டது.

படையாட்சியாருக்கு மரியாதை செய்யும் போட்டி வந்ததும் இந்தக் காலத்தில்தான். 1992 ஏப்ரல் 3-ஆம் தேதி அவர் மறைந்தார். கால் நூற்றாண்டுக்கும் மேல் கழித்துப் பிறந்தநாள் அரசு விழாவானது. 2019 ஜூலையில் சட்டமன்றத்தில் அவருடைய படம் திறக்கப்பட்டது. அதே ஆண்டு நவம்பரில் கடலூர் மஞ்சக்குப்பத்தில் மணிமண்டபம் திறக்கப்பட்டது. இரண்டும் அ.தி.மு.க. ஆட்சியில். தி.மு.க. ஆட்சி 2025 ஜனவரியில் விழுப்புரத்தில் ஏ. கோவிந்தசாமிக்கும் 1987-இல் உயிரிழந்த 21 பேருக்கும் மண்டபங்களைத் திறந்தது. உழைப்பாளர் கட்சியில் ஒன்றாக ஜெயித்த இருவரை இரண்டு கட்சிகள் ஆளுக்கொருவராகப் பங்கு போட்டுக்கொண்டன. வேடிக்கையாக இருக்கிறது, அதற்காக மண்டபம் வேண்டாம் என்று சொல்லவரவில்லை. கடலூரில் மண்டபத்தைப் பார்க்கும் பள்ளிப் பிள்ளைக்கு 1952-இல் என்ன நடந்தது என்று அங்கேயே தெரிந்துகொள்ள வழி இருந்தால் நல்லது.

இதுவரை பேசியதெல்லாம் சமவெளியின் கதை. களமருதூரிலிருந்து மேற்கே போனால் கச்சிராயபாளையம், அதைத் தாண்டினால் கல்வராயன் மலை. எண்ணிக்கையை வைத்துப் பேரம் பேசும் இந்த முறை மலையேறவே இல்லை. 1954-இல் கடலூர்க்காரர் ஒருவர் சென்னையில் உள்ளாட்சி மந்திரியாக இருந்தபோது, அவர் மாவட்டத்தின் மேற்கு எல்லையில் மலையாளிப் பழங்குடிகள் ஜாகிர்தார்களின் கீழ் இருந்தார்கள். சடையக் கவுண்டர், குரும்பக் கவுண்டர், அரியக் கவுண்டர் என்று மூன்று ஜாகிர்கள். விளைச்சலில் ஜாகிர்தாருக்குப் பங்கு, அவர் நிலத்தில் கூலியில்லா வேலை. ஜமீன் ஒழிப்புச் சட்டம் 1948-இல் வந்துவிட்டது. மலையின் ஜாகிர்கள் அரசின் கைக்கு வந்தது 1976-இல். இடையில் 28 ஆண்டு. அந்த 28 ஆண்டில் காங்கிரஸ் முதல்வர்களும் வந்துபோனார்கள், திராவிட முதல்வர்களும் வந்துபோனார்கள்.

ஏன் இத்தனை தாமதம் என்பதற்கு அமைப்பிலேயே ஒரு காரணம் இருக்கிறது. 234 சட்டமன்றத் தொகுதிகளில் பழங்குடியினருக்கு ஒதுக்கியவை இரண்டே இரண்டு: ஏற்காடு, சேந்தமங்கலம். கல்வராயனின் சேலம் பக்கத்துக் கருமந்துறை ஏற்காடு தொகுதிக்குள் வருகிறது. கள்ளக்குறிச்சிப் பக்கத்து வெள்ளிமலையோ சங்கராபுரம் என்னும் பொதுத் தொகுதியில் இருக்கிறது. சமவெளி ஓட்டுகளுக்கு நடுவே மலை ஓட்டு உப்புக்கும் புளிக்கும் காணாது. ஒரே மலை, ஒரே மக்கள். ஒரு சரிவில் தங்களில் ஒருவரைச் சட்டமன்றத்துக்கு அனுப்பலாம், மறு சரிவில் முடியாது. எண்ணிக்கை பெரிதாக இருந்தும் 1951 வரை மதிக்கப்படாத சமூகத்துக்கு வழி கண்டுபிடித்தவர் படையாட்சியார். எண்ணிக்கையே சிறியதாக இருக்கும் சமூகத்துக்கு அந்த வழியில் ஒன்றும் இல்லை.

மலை சென்னைக்குத் தெரியவந்தது 2024 ஜூனில். கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச் சாராயம் குடித்து 60-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். சாராயம் என்றால் கல்வராயன் என்று காலங்காலமாகப் போலீஸ் கை நீட்டும் பழக்கம் உண்டு. இந்தச் சாவுகளுக்குக் காரணமானது மலையில் காய்ச்சிய சரக்கு இல்லை, மெத்தனால். ஆனால் அதையொட்டி எழுந்த பேச்சில்தான் மலையின் நிலை உயர் நீதிமன்றத்தின் காதுக்குப் போனது. நீதிபதிகள் எஸ். எம். சுப்பிரமணியம், சி. குமரப்பன் அமர்வு தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டு, சாலையும் பள்ளியும் மருத்துவ வசதியும் ஏன் இப்படி இருக்கின்றன என்று கேட்டது. முதலமைச்சரோ துறை அமைச்சரோ நேரில் போய்ப் பார்க்கலாமே என்றும் சொன்னது. நில உரிமையும் அப்படித்தான் இழுபட்டது. 2006-இன் வன உரிமைச் சட்டப்படி தமிழ்நாட்டில் பட்டா கொடுப்பது, 2008-இன் நீதிமன்றத் தடையால் 2016 வரை முடங்கிக் கிடந்தது. அந்தத் தடையை உடைக்கச் சட்டமன்றத்தில் 19 பேரை வைத்திருந்த கட்சி எதுவும் மலைமக்களுக்கு இல்லை.

சட்டமன்றத் தொகுதிகள் அடுத்த முறை மறுவரையறை செய்யப்படும்போது, பழங்குடியினருக்கான இடங்கள் கூடுமா, வெள்ளிமலையும் கருமந்துறையும் ஒரே தொகுதிக்குள் வருமா என்பது கள்ளக்குறிச்சியின் அரசியல்வாதிகள் இப்போதே கேட்க வேண்டிய கேள்வி. கேட்டால் சங்கராபுரத்தின் சமவெளிக் கணக்கு கலையும். அதனால்தானோ என்னவோ, எந்தக் கட்சியின் மேடையிலும் அந்தப் பேச்சை நான் கேட்டதில்லை.